கைச்சாத்திட்டது யார்?

அன்புள்ள மச்சான்,

மகள் சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறாள் என்று நீ எழுதியதை வாசித்த அன்றைக்கே பதில் போட நினைத்தேன். வேலை விடவில்லை. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். குட்டி ஒரு வழியாக வீடு கட்டி முடித்துவிட்டான். குடிபூரலுக்கு வந்தவர்கள் எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். நீ வராத கணக்கை அவனிடம் நீயே தீர்த்துக்கொள்.

போன கிழமை அவன்தான் என்னைக் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்கு இழுத்துக்கொண்டு போனான். தெற்கே சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் பற்றி. மேடையில் ஒரு பொருளியல் பேராசிரியர், பக்கத்தில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. இரண்டு பேரும் கடைசிவரை ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வரும்போது குட்டி, "நிபுணர்களே இப்படி அடிபட்டால் நாங்கள் யாரை நம்புவது?" என்று கையை விரித்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றிலிருந்து மண்டைக்குள் இதுதான் ஓடுகிறது.

நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிற ஆள். அதனால் சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிபுணர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் அவர்கள் கதையில் சீனா வரும், இந்தியா வரும், அமெரிக்கா வரும். எங்கள் பக்கத்தில் யார் கேட்டார், யார் கைச்சாத்திட்டார் என்பது மட்டும் அனேகமாக வராது. உன் மகள் இந்தப் படிப்புக்குள் போவதற்கு முன் இதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

'கடன் பொறி', அதாவது கட்ட முடியாத கடனைக் கொடுத்து ஒரு நாட்டை மடக்குவது என்ற கதை உனக்குத் தெரியும். 2017-ல் இந்திய ஆய்வாளர் பிரம்மா செலானி அந்தப் பெயரில் எழுதினார். அடுத்த வருடம் அமெரிக்கத் துணை ஜனாதிபதி பென்ஸ் அதையே மேடையில் பேசினார். கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைச் சீனாவுக்குக் கொடுத்துவிட்டோம் என்று நீயும் தொலைபேசியில் எத்தனை தடவை என்னோடு சண்டை பிடித்திருக்கிறாய். பேராசிரியர் கணக்கை எடுத்து வைத்தார். முதல் கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கி தந்தது 307 மில்லியன் டொலர், வட்டி 6.3 சதவீதம். 2017-ல் சைனா மேர்ச்சண்ட்ஸ் என்ற சீன நிறுவனம் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுக்கக் கொடுத்தது 1.12 பில்லியன் டொலர். அந்தப் பணத்தால் துறைமுகக் கடன் தீர்க்கப்படவில்லை. அது அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் திறைசேரியின், அதாவது அரசாங்கக் கருவூலத்தின் தலையிலேயே இருந்தது. நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது 2022 ஏப்ரலில். கொழும்புப் பல்கலைக்கழகத்து உமேஷ் மொறமுதலியும் திலின பண்டுவாவலவும் சேர்ந்து செய்த ஆய்வின்படி 2021 முடிவில் எங்கள் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட. அதைவிடப் பெரிய சுமை சர்வதேசச் சந்தையில் நாங்களே போய் விற்ற பிணைமுறிகள், அதாவது கடன் பத்திரங்கள்.

கடற்படைக்காரர் இதில் ஒன்றையும் மறுக்கவில்லை. அவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை என்பதுதான் விஷயம். 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்குச் சீனாவின் யுவான் வாங் 5 வந்தது ஞாபகம் இருக்கிறதா? செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல். இந்தியா எதிர்ப்புச் சொன்னது. வரவேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று கொழும்பு கேட்டது. பிறகு அதே கொழும்பு அனுமதியும் கொடுத்து, 16-ஆம் தேதி கப்பல் வந்து கட்டியது. அவர் கேட்டது ஒரே கேள்வி: நாளைக்கு ஒரு நெருக்கடி வந்தால், அந்த ஆழமான துறைக்குள் எந்தக் கப்பல் வரலாம் என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கும்?

ஒருவர் கடன் எப்படி வந்தது என்று பார்க்கிறார். மற்றவர் இடத்தை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்வி, இரண்டுக்கும் பதில் வேண்டும். இதில் எனக்குக் குழப்பமே இல்லை. என்னை உறுத்துவது, அந்தத் துறைமுகத்தைக் கட்டச் சொன்னவர்களைப் பற்றி அன்றைக்கு இருவருமே வாய் திறக்கவில்லை என்பதுதான். சீனா வருவதற்கு முன்பே கனேடிய நிறுவனமும் டென்மார்க் நிறுவனமும் அதற்கு ஆய்வு செய்திருந்தன. இந்தியாவிடம்தான் முதலில் கேட்டோம் என்று அப்போது ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்ஷவே பகிரங்கமாகச் சொன்னவர். அது அவருடைய சொந்த மாவட்டம். பெய்ஜிங்கில் இருந்து யாரும் வரைபடத்தில் விரல் வைத்து அந்த இடத்தைக் காட்டவில்லை, மச்சான்.

எங்கள் ஆட்களே முடிவு எடுத்ததற்கு 1952-ஐ எடுத்துப் பார். கொரிய யுத்தம் நடக்கிறது. சீனாவுக்கு இறப்பர் போன்ற பொருட்களை அனுப்பக் கூடாது என்று ஐ.நா. தடை. இலங்கையில் டட்லி சேனாநாயக்கவின் அரசு, கம்யூனிசம் என்றாலே ஆகாது. ஆனால் அரிசிக்குத் தட்டுப்பாடு, இறப்பர் விலையோ விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) போனார். வருடத்துக்கு 2,70,000 தொன் அரிசி, பதிலுக்கு 50,000 தொன் இறப்பர், ஐந்து வருடம். இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடு இல்லை, 1955-ல்தான் சேர்ந்தது. அதனால் அந்தத் தடை எங்களைக் கட்டவில்லை. சீனாவில் எங்களுக்குத் தூதரகம்கூட இல்லை, இராஜதந்திர உறவு வந்தது 1957-ல். அமெரிக்க உதவி நின்றது. நிற்கட்டும் என்று இருந்துவிட்டார்கள். பிடிக்காத கட்சி, பிடிக்காத அரசு, ஆனால் வாய்க்கு அரிசி வேண்டும் என்று யாரோ ஒரு மேசையில் இருந்து முடிவு எடுத்திருக்கிறார்கள். அந்த ஆட்களை எனக்குப் பெரிதாகப் பிடிக்காது, உனக்கும் தெரியும். இருந்தும் அந்த முடிவை வாசிக்கும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

இப்போது வடக்குக்கு வா. யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் சேர்ந்த மின்சாரத் திட்டம் 2021-ல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. அந்த வருட முடிவில் அது நின்றது. 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை' என்று சீனத் தூதரகம் அறிவித்தது. அதே டிசம்பரில்தான் சீனத் தூதுவர் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோவிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பிறகு 2024-ல் இந்திய நன்கொடையில் அதே திட்டம் திரும்ப வந்தது. இடையில் தீவில் டீசல் மின்பிறப்பாக்கிதான் ஓடியது. இதைப் பற்றி வெளியே வந்த கட்டுரைகளில் நான் வாசித்தவற்றில் 'பாக்கு நீரிணை' இருக்கிறது, 'பாதுகாப்பு' இருக்கிறது. மருந்தகத்தில் குளிர்சாதனப் பெட்டி எப்படி ஓடுகிறது என்று கேட்ட ஒரு வரிகூட இல்லை.

நீயும் நானும் இதில் ஆச்சரியப்படக் கூடாது. 1987 ஜூலை 29-ஐ நாங்கள் மறந்தவர்களா? இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் எங்கள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். ஒப்பந்தம் தமிழர்களாகிய எங்களைப் பற்றியது, கைச்சாத்து எங்களுடையது இல்லை. அன்றைக்கு இரவு உன் வீட்டு விறாந்தையில் பெரியண்ணை சொன்னதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அதோடு பரிமாறிய கடிதங்களை இப்போது திரும்ப எடுத்து வாசித்தேன். திருகோணமலையையோ வேறு எந்தத் துறைமுகத்தையோ இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்க மாட்டோம் என்று இருக்கிறது. எங்கள் பிரச்சினைக்கு என்று போட்ட ஒப்பந்தத்தின் இணைப்பில் துறைமுகம்! கருத்தரங்கில் ஒருவரும் இதைத் தொடவில்லை. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர டெல்லியில் எங்கள் மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்றார். அடுத்த மாதம் பெய்ஜிங் போனார், அம்பாந்தோட்டையில் சீன எண்ணெய் நிறுவனமான சினொபெக்கின் 3.7 பில்லியன் டொலர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உடன்பாடு. பத்திரிகைகள் 'சமநிலை' என்று எழுதின. எனக்கு அது போதாது. அந்தத் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது, யார் வாசித்துப் பார்த்துக் கைச்சாத்திட்டார் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அதனால் மகளிடம் இதைச் சொல். கோட்பாடுகளை அங்கே நன்றாகப் படிப்பிப்பார்கள், அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒப்பந்தங்களை, குறிப்பாக அவற்றின் இணைப்புகளை, தானே எடுத்து வாசிக்கப் பழகட்டும். சிங்களம் கட்டாயம் படிக்கட்டும். முகத்தைச் சுளிக்காதே, கொழும்பு அமைச்சரவைத் தாள் வாசிக்கத் தெரியாமல் இந்த நாட்டைப் பற்றி எழுதி என்ன பயன்? முடிந்தால் சீனமும்.

அவளுடைய பல்கலைக்கழக நூலகத்தில் 1952 உடன்படிக்கையின் முழுப் பிரதி இருக்கும் என்று நினைக்கிறேன். கிடைத்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல். நீ மறந்துவிடுவாய், அவளிடமே கொடுத்துவிடு இந்தக் கடிதத்தை.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்