தோடங்கன்றின் அட்டையில் ஒட்டுக்கட்டையின் பெயரையும் எழுதுங்கள்

வன்னியில் பழக்கன்று உற்பத்தி செய்து வழங்கும் அதிகாரிகளுக்கும் நாற்றுமேடை நடத்துவோருக்கும்,

வணக்கம். தோடங்கன்றை விற்கும்போது மேலே உள்ள இனத்தின் பெயரை மட்டும் சொல்கிறீர்கள். கீழே வேராக நிற்கும் ஒட்டுக்கட்டை எது என்பதையும் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல். மாதுளையைத் தண்டுத்துண்டிலும் பதியத்திலும் இலகுவாகச் சொந்த வேர்விட வைக்கலாம் என்பதால் அங்கே இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. தோடையில் பழத்தின் இனிப்பும் தோலின் தடிப்பும் மரத்தின் ஆயுளும் ஒட்டுக்கட்டையைப் பொறுத்தே பெரிதும் மாறும்.

தோல் சொரசொரத்த ஜம்பேரி எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். விதை தாராளமாகக் கிடைக்கும், நாற்று விரைவாகத் தடிக்கும், வரட்சியையும் தாங்கும். நாற்றுமேடைக்கு இதைவிட வசதியான கட்டை இல்லை. ஆனால் அந்த வேர் நீரை வேகமாக உறிஞ்சி மரத்தையும் காயையும் பெருக்க வைக்கும். சாற்றில் சீனியும் புளிப்பும் ஐதாகிவிடும். அதே ஒட்டுமுளையை, அதாவது மேலே ஒட்டும் இனத்தை, புளித்தோடையில் ஒட்டினால் பழம் சற்றுச் சிறுத்தாலும் தோல் மெலிந்து சாறு இனிக்கும். இரண்டு பழங்களையும் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் வைத்தாலே போதும்: ஜம்பேரிக் கட்டையில் காய்த்த பழத்தில் தோலுக்கும் சுளைக்கும் நடுவே வெள்ளைச் சதை தடித்துக் கிடக்கும்.

அதற்காக எல்லோரும் புளித்தோடைக்கு மாறுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சி பரப்பும் திரிஸ்டெசா வைரசு வந்தால், புளித்தோடை மேல் ஒட்டிய இனிப்புத் தோடையில் ஒட்டுக்குக் கீழே உணவு கடத்தும் பட்டை செத்துவிடும். இலையில் ஆகும் மாச்சத்து வேருக்கு இறங்காது. வேர் பட்டினியில் அழியும். காய்த்து நிற்கும் மரம் திடீரென வாடும். நோயற்ற தாய்மரத்தில் அரும்பு எடுத்தாலும் பிறகு தோட்டத்தில் தொற்றலாம். ரங்பூர் தேசிக் கட்டை இந்த வைரசையும் வரட்சியையும் தாங்கும், பழத்தரம் நடுத்தரம். கடலோரக் காணிகளில் கிணற்று நீர் உவரானால் கிளியோபட்ரா மண்டரின் நல்லது, காய்க்கத்தான் தாமதிக்கும். மூவிலைத் தோடை அருமையான பழம் தரும், ஆனால் சுண்ணாம்பு மண்ணிலும் உவரிலும் இலை மஞ்சளித்துத் தேறாமல் போகும்.

மன்னாரின் முருங்கன் பக்கக் களிமண்ணில் காலபோக (மாரிகால) மழைநீர் தேங்கினால் ஜம்பேரியின் அடித்தண்டு அழுகிப் பிசின் வடியும். அங்கே மேட்டுப்பாத்தி போடாமல் அந்தக் கன்றைக் கொடுப்பது வீண்.

ஒட்டும் உயரத்தையும் கவனியுங்கள். நிலத்திலிருந்து ஐந்தாறு சென்ரிமீற்றரில் அரும்பொட்டிய கன்றை நட்டால் ஒட்டு மண்ணுக்குள் போய்விடும். மழையில் தெறிக்கும் சேற்றோடு பூஞ்சணம் ஏறும், ஒட்டுமுளையே வேர்விட்டுக் கட்டையின் பயனும் இல்லாமல் போகும். 20 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்தில், பென்சில் தடிப்புத் தண்டில் ஒட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனே கிள்ளவேண்டும் என்று வாங்குபவருக்குச் சொல்லுங்கள். விட்டால் அந்த முள்ளுக்கிளை மேலே உள்ளதை அமுக்கிவிடும்; ஆட்கள் "மரம் மாறிப்போச்சு" என்று வெட்டிவிடுவார்கள்.

ஒட்டுக்கட்டை நாற்றிலும் கழிவு உண்டு. ஒரே விதையில் பல முளைகள் வரும். பெரும்பாலானவை தாய்மரத்தை ஒத்தவை, சில கலப்பு. இலையும் வளர்த்தியும் வேறாகத் தெரிவதைப் பிடுங்கி எறியத் தயங்கவேண்டாம்.

மாவட்டத்துக்கு ஒரு காணியில் ஒரே ஒட்டுமுளையை மூன்று கட்டைகளில் வைத்து, சாற்றின் அளவு, சீனிப் பதம், தோல் தடிப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து வெளியிடுங்கள். அதற்குக் காத்திராமல் இந்தக் காலபோகக் கன்றுகளிலேயே அட்டையைத் தொடங்கலாம்: இனம், ஒட்டுக்கட்டை, தாய்மர இலக்கம், ஒட்டிய மாதம்.

வன்னிப் பழச்செய்கையாளர்கள்