டர்பன் துறைமுகத்துக் குட்டி எஞ்சின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதித் தமிழர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் இரண்டாவது படத்தின் கீழே போட்டிருக்கும் வரி தவறு. '1860இல் ட்ரூரோ கப்பலில் வந்தவர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிச் சென்ற ரயில்' என்று போட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு ஏற்றிப்போன கப்பல்தான் ட்ரூரோ. படத்தில் இருக்கும் எஞ்சின் 1860இல் பிறக்கவே இல்லை.

நீராவி ஷெட்டில் பத்து வருஷம் கரி அள்ளிப் போட்டவன் நான். எஞ்சின் படம் கையில் கிடைத்தால் முதலில் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இதில் தொட்டி பாய்லரின் முதுகில் ஏறி இரண்டு பக்கமும் சரிந்து நிற்கிறது, கழுதை மேல் போட்ட பொதி மாதிரி. சேடில் டாங்க் என்போம். பேரனின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்ததில் 'ஜான் மில்ன்' என்ற பெயரும் தெரிந்தது. 1879இல் டர்பன் துறைமுகத்தில் ஷண்டிங் வேலைக்கு, அதாவது வேகன்களை அங்குமிங்கும் தள்ளிச் சேர்க்க, இறக்கிய எஞ்சின் அது. ட்ரூரோவுக்கும் அதற்கும் நடுவே 19 வருஷம்.

1860இல் அங்கே ஓடிய எஞ்சினின் பெயர் 'நேட்டால்'. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துத் தயாரிப்பு. அந்த வருஷம் ஜூன் 26ஆம் தேதி டர்பன் மார்க்கெட் சதுக்கத்திலிருந்து பாயின்ட் என்ற துறைமுக முனை வரை ஓட ஆரம்பித்தது. மொத்தப் பாதையே 2 மைல்தான். உம்கேனி ஆறு வரை நீட்டவே 1867 ஆகிவிட்டது. ஆகவே ட்ரூரோவில் வந்த யாரையும் அது தோட்டம்வரை கொண்டுபோய் விட்டிருக்க வழியில்லை.

ட்ரூரோ வந்து சேர்ந்தது நவம்பர் 16ஆம் தேதி, 342 பேரோடு. சென்னையில் கப்பலேறி வந்தவர்கள். இங்கே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856லேயே ரயில் ஓடியாயிற்று. டர்பன் துரைமார்களுக்கு ரயில் ஐந்து மாதப் புதுசு. சென்னைக்கு நாலு வருஷப் பழசு! கப்பலிலிருந்து இறங்கிய நம் ஆட்கள் அந்த 2 மைல் வண்டியைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ. கட்டுரையில் இதைச் சேர்த்திருக்கலாம்.

துறைமுகத்தில் ஏன் இவ்வளவு குட்டி எஞ்சின் என்று சிலருக்குத் தோன்றலாம். கப்பல் துறையில் தண்டவாளம் கிடங்குகளைச் சுற்றிச் சுற்றி வளையும். நீள எஞ்சின் அந்த வளைவில் திரும்பாது, தடம் புரளும். நாலே சக்கரம், அதுவும் நெருக்கமாக இருந்தால் திரும்பும். பின்னால் டெண்டர் என்ற கரி, தண்ணீர் வண்டி கிடையாது, அதனால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓட்டலாம், எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள் தேடிப் போக வேண்டாம். தண்ணீர்த் தொட்டியின் கனம் நேராகச் சக்கரத்தின் மேலே இறங்குவதால் ஈரத் தண்டவாளத்திலும் பிடிமானம் கிடைக்கும்.

தொழில் பழகிய காலத்தில் ஓர் ஆலையின் சேடில் டாங்க் எஞ்சினில் மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறேன். தொட்டியின் மேல் ஈரத்துண்டை விரித்தால் அரைமணியில் காய்ந்துவிடும். அதுவே அதன் தொல்லையும்கூட. பாய்லர் சூட்டில் தொட்டித் தண்ணீர் வெந்நீராகிவிடும். பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர் வெந்நீரைச் சரியாக எடுக்காது, கக்கும். பாய்லரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வரும், டிரைவர் கத்துவார், நான் வால்வை மூடி மூடித் திறந்துகொண்டு நிற்பேன். சரி, கதையை விடுகிறேன்.

மில்ன் என்பவர் நேட்டாலின் முதல் துறைமுக எஞ்சினியர். டர்பன் துறைமுக வாசலில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போடும். பயணிகளைப் பிரம்புக் கூடையில் உட்கார வைத்துப் படகில் இறக்குவார்கள். அந்தத் திட்டை விரட்ட மில்ன் 1850களில் கல் அணை கட்ட ஆரம்பித்தார். மரத் தண்டவாளம் போட்டு, மாடு பூட்டிக் கல் இழுத்தார். வேலை முடியுமுன் அவரை அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு எஞ்சினுக்கு அவர் பெயரையே வைத்தார்கள், அது வேறு விஷயம். எட்வர்ட் இன்னஸ் என்ற இன்னொரு துறைமுக எஞ்சினியரின் பெயரும் அப்புறம் வந்த ஒரு குட்டி எஞ்சினுக்குப் போயிற்று. மணலை உண்மையில் தோற்கடித்தவை தூர்வாரும் கப்பல்கள்தான். 1904இல் 12,000 டன்னுக்கு மேற்பட்ட 'ஆர்மடேல் காசில்' உள்ளே வந்த பிறகு கூடைக்கு வேலை இல்லை.

கட்டுரை மேல் எனக்கு இருக்கும் குறை படத்தைப் பற்றியது மட்டுமல்ல. நேட்டால் தமிழர் என்றாலே கரும்பு என்று முடித்துவிடுகிறோம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் போனவர்கள் 1,52,184 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். எல்லாருமா கரும்பு வெட்டினார்கள்? நேட்டால் ரயில்வேயும் துறைமுகமும் அவர்களை வேலைக்கு எடுத்தன. டர்பனில் அவர்களுக்கென்று ரயில்வே பாரக்ஸ் என்ற குடியிருப்பு இருந்தது. ஒரு ஷண்டிங் எஞ்சின் ஓட டிரைவர் ஒருவர் போதும். ஆனால் அதற்குக் கரி ஏற்ற, சாம்பல் வார, தண்டவாளத்துக்கு ஜல்லி இடிக்க, வேகன்களை நிரப்பிக் காலி செய்ய எத்தனை கை வேண்டும் என்று ஷெட்டில் நின்றவனுக்குத் தெரியும். கட்டுரையில் அவர்களுக்கு ஒரு பத்தி கூட இல்லை.

'நேட்டால்' எஞ்சின் 4 அடி 8½ அங்குல அகலப் பாதைக்கு ஆனது. 1870களில் அரசாங்கம் 3 அடி 6 அங்குலத்துக்கு மாறியபோது அதற்கு வேலை போயிற்று. போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கத்தில் ஒருவர் வாங்கிப்போனார். கடைசியில் ஆற்றங்கரை மண்ணில் புதைந்து கிடந்ததை 1940களில் தோண்டியெடுத்து டர்பன் ஸ்டேஷனில் வைத்தார்கள். அந்த எஞ்சினின் படம் கிடைப்பது கஷ்டமில்லை. அடுத்த இதழில் திருத்தத்தோடு அதைப் போடுங்கள்.

இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களின் வாரிசுகள் வட ஆற்காடு, செங்கற்பட்டுப் பக்கம் இன்னும் இருப்பார்கள். துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்த தாத்தாவின் ஒப்பந்தச் சீட்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், உங்களுக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோகோ ஊழியர்,
பொன்மலை, திருச்சி