வேண்டும் என்றால் ஆசையா, கட்டாயமா?

மாணவர் மனநலக் கணக்கெடுப்பு நடத்திய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்தில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் வினாத்தாள் கொடுத்த அன்று நானும் அறையில் இருந்தேன்.

‘எல்லோருக்கும் என்னைப் பிடிக்க வேண்டும்’ என்ற வரியில் ஒரு மாணவி நின்றுவிட்டாள். பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள். அப்புறம் உங்கள் குழுவில் வந்த தம்பியைக் கூப்பிட்டு, “சார், வேண்டும்னா ஆசையா, கட்டாயமா?” என்று கேட்டாள். “மனசுல பட்டதை டிக் பண்ணும்மா” என்றார் அவர். ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் பண்ணினாள்.

அவள் கேட்டதுதான் உங்கள் மனநலத் துறையில் ஓர் அடிப்படைக் கேள்வி. ஒன்றை விரும்புவது வேறு, அது நடந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது வேறு; பிடிவாதம்தான் மனதை வதைக்கிறது என்று 1955 முதல் சொல்லிவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ். உங்கள் வரிகள் அளக்க வந்தது அந்தப் பிடிவாதத்தை; அதைத்தான் ‘அறிவுக்குப் பொருந்தாத நம்பிக்கை’ என்கிறீர்கள். ஆனால் தமிழில் ‘எனக்கு டீ வேண்டும்’ என்பதற்கும் ‘வரி கட்ட வேண்டும்’ என்பதற்கும் ஒரே சொல். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய வரிகளைத் திருப்பி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சரிபார்த்தோம் என்றார் அந்தத் தம்பி. ‘வேண்டும்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘மஸ்ட்’ என்றே திரும்பிப் போயிருக்கும். பழுது எப்படித் தெரியும்? ‘பிடித்தே ஆக வேண்டும்’ என்று போட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகமே வந்திருக்காது.

வரி என்ன சொல்கிறது என்று பிள்ளைகளையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இதுதான் என் முதல் கோரிக்கை.

உங்கள் முடிவுப் பட்டியல் பிள்ளைகளின் பெயரோடு பள்ளிக்கு வந்தது. தகவல் போனதும், வயலில் களை பறித்துக்கொண்டிருந்த அந்த மாணவியின் அம்மா சேற்றுக்காலோடு ஓடிவந்தார். ‘அறிவுக்குப் பொருந்தாத நம்பிக்கை அதிகம்’ என்று சொன்னது அவர் காதில் ‘புத்தி சரியில்லை’ என்று விழுந்தது. “படிச்சது போதும்” என்றார் தாய்மாமன். எட்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் அழைத்துவந்தேன். மாமனுக்குப் பிடிக்காவிட்டால் படிப்பு நின்றுவிடும் என்பது அந்த வீட்டு நிலைமை. அதைத் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளையை எப்படி அறிவுக்குப் பொருந்தாதவள் என்று எழுதினீர்கள்?

இந்தக் கணக்கெடுப்பில் பையன்களுக்கு மதிப்பெண் குறைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயம் பற்றிய வரிகளில், பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறான் என்று ‘இல்லை’ போட்டவர்களை நான் பார்த்தேன். ‘கெட்டது நடக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுகிறேன்’ என்று இன்னொரு வரி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கூரையைப் பிய்த்தெறிந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இல்லை இவர்கள். ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்களா, திறந்தாலும் தண்ணீர் எங்கள் மதகுக்கு வருமா என்று வருஷா வருஷம் வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்கிறவர்கள். இந்தக் கவலையை வேறு நாட்டுப் பிள்ளையின் கவலையோடு பக்கத்தில் வைத்து எண்ணால் ஒப்பிடுகிறீர்கள். இரண்டு பேரும் அந்த வரியை ஒரே மாதிரி புரிந்துகொண்டார்கள் என்று முதலில் காட்ட வேண்டாமா?

வருஷம் முழுக்க யாராவது வந்து தாள் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்து “இது உங்கள் பிள்ளைகளுக்கு இப்படிப் பயன்பட்டது” என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. சரி, அந்தக் கோபம் முழுவதையும் உங்கள் மேல் இறக்குவது நியாயமில்லை. பணிவோடு கேட்கிறேன். அந்தப் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துவிடுங்கள். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையுமாகப் பத்துப் பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு என்னவாகப் புரிகிறது என்று கேளுங்கள். அதுவரை ஒப்பிடுவதை நிறுத்திவையுங்கள்.

அவள் இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். வகுப்பில் எதுவும் கேட்பதில்லை. முடிந்தால் ஒருநாள் வந்து, அன்றைக்கு அவள் கேட்டதற்கு அந்த அறையிலேயே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை