21 நாட்களுக்குள் ஓர் எச்சில் சோதனை

பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்களுக்கும் சுகாதாரத் துறையினருக்கும், வணக்கம்.

என் மகள் பிறந்த மறுநாள், சின்னக் குமிழ் ஒன்றைக் காதில் வைத்துச் சோதித்தார்கள். வலது காது தேறவில்லை. "உள்ளே நீர் இருக்கும், ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்றார்கள். சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறாம் வாரம் அந்தக் காது கேட்கவில்லை என்பது உறுதியானது. இடது காதுதான் இருக்கிறதே என்று தேற்றினார்கள். காரணத்தை யாரும் தேடவில்லை.

ஒன்றரை வயதில் ஒருநாள், அவள் முதுகுக்குப் பின்னால் என் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. நான் திடுக்கிட்டேன். அவள் கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

பிறந்தபோது குதிகாலில் எடுத்து வைத்திருந்த உலர்ந்த ரத்தத் துளியைச் சோதித்த பிறகுதான் காரணம், கர்ப்பத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் என்று தெரிந்தது. கர்ப்பத்தில் எனக்கு வந்தது லேசான காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம், எனக்கு நினைவில்லை. இந்தத் தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் பரம்பரை சாராத குழந்தைச் செவித்திறன் இழப்புக்கு முதன்மைக் காரணம் இதுதான். பிறக்கும்போது நன்றாகக் கேட்ட காதும் மாதங்கள், வருஷங்கள் கழித்து மங்கலாம். என் மகளின் இடது காது அப்படித்தான் போனது.

பிறந்து 21 நாட்களுக்குள் எச்சிலையோ சிறுநீரையோ சோதித்தால் போதும். அதற்குப் பிறகு வைரஸ் தெரிந்தாலும், கருவிலேயே வந்ததா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எச்சில் என்றால், பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆனபின் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் ஒரு துடைப்பு. வைரஸ் இருந்தால் சிறுநீரில் உறுதி செய்வார்கள். இந்த வைரஸை அடக்கும் வால்கன்சிக்ளோவிர் மருந்தைப் பொதுவாக முதல் மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதம் தருகிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது, வெள்ளணுக்கள் குறையும் என்பதும் தெரியும். ஆனால் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவாவது எங்களுக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும்.

முதல் செவிச் சோதனையில் தேறாத குழந்தைக்கு இந்தச் சோதனையை அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2013-லேயே சட்டமாக்கியது. கனடாவின் ஒண்டாரியோ 2019 முதல் பிறந்த குழந்தைகளின் ரத்தத் துளியிலேயே வைரஸைத் தேடுகிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். செவிச் சோதனையில் தேறாத குழந்தையை எச்சில் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தொற்று உறுதியானால், காது தேறியிருந்தாலும், முதல் சில வருஷங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் சோதியுங்கள். அடுத்த தேதியை நீங்களே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு காதிலும் மெஷினோடு நான்கு வயதுப் பெண்ணை வளர்க்கும்
ஒரு தாய்