அலுமாரிக்கு மேலே ஒரு உரப்பை

உடுவில்,
மார்கழி 29

மச்சான்,

ஆவணியில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு வாசி. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மூத்தவள் சோதனை எழுதிவிட்டு இரவு பகலாகப் படுத்துக் கிடக்கிறாள், ஒட்டகத்தார் இந்த வருஷமும் பெண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். செய்தி அவ்வளவுதான், மிச்சம் முழுக்க ஒரு பையைப் பற்றியது.

என் அலுமாரிக்கு மேலே ஒரு உரப்பை இருக்கிறது. உள்ளே ஒரு அம்பு, ஒரு சோடிச் சலங்கை, கறுத்துப்போன ஒரு செம்பு, மஞ்சள் தோய்ந்த வெள்ளைச் சீலைத் துண்டு. மனுசி அந்த அறைக்குள் தும்புத்தடி கொண்டு போவதையே விட்டுவிட்டாள். இது எப்படி என் வீட்டுக்கு வந்தது என்பதைச் சபையில் யாரிடமும் சொல்ல முடியாது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நத்தாருக்கு முன் எங்கள் சபையில் இருந்து ஒரு வான் பிடித்து வாகரைப் பக்கம் வேடர் இருக்கும் ஊர் ஒன்றுக்குப் போனோம். அரிசி, பள்ளிக்கூடப் பை, நுளம்பு வலை எல்லாம் ஏற்றிக்கொண்டு, திருகோணமலை தாண்டி, வெருகல் பாலம் கடந்து. இரண்டு இரவு நின்றோம். உன் வீட்டில் இருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் நின்றுவிட்டு உனக்குச் சொல்லாமல் வந்தது பிழைதான், அதற்கும் சேர்த்துத் திட்டு.

வேடர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தம்பானையில் தோளில் கோடாலியைப் போட்டுக்கொண்டு தாடியோடு நிற்பவர்களின் படம்தான். இங்கே பார்த்தால் சாரத்தோடு ஒரு பெடியன் காற்பந்து ஜேர்சி போட்டபடி வாவியில் வலை வீசிக்கொண்டு நிற்கிறான். கதைப்பது தமிழ். கரையோர வேடர் தமிழ் பேசித் தமிழரோடு கலந்து வாழ்கிறவர்கள் என்று வேடரை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911 இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் இத்தனை வயதில் புதினமாக இருந்தது. 2004 இல் கடல் வந்தது, இரண்டு வருஷத்தில் ஷெல் வந்தது, சனம் ஊரோடு இடம்பெயர்ந்து முகாமில் கிடந்து திரும்பி வந்தது. ஊழியக்காரர்கள் நிறையப் பேர் உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான்.

அங்கே இருக்கும் பாஸ்டரை நீ கெட்டவராக நினைத்துவிடாதே. பாம்பு கடித்த பிள்ளையை நடுச்சாமத்தில் மோட்டார்சைக்கிளில் வைத்து வாழைச்சேனைக்குக் கொண்டு ஓடினவர் அவர்தான். கூட்டம் முடிந்ததும் ஒரு மனுசியிடம் ஏனம்மா மாறினீர்கள் என்று கேட்டேன். இரட்சிப்பு, சாட்சி என்று எங்களுக்குப் பழகின வசனம் ஏதாவது வரும் என்று நினைத்தேன். "கோயில்ல எங்கள வெளியதான் நிக்கச் சொல்லுவாங்க தம்பி. இஞ்ச கதிரை தந்தாங்க" என்றாள். பிளாஸ்டிக் கதிரை, மச்சான். சிவப்பு நிறம், ஒரு கால் வெடித்து நூலால் கட்டியிருந்தது. கண்ணப்பருக்கு அறுபத்துமூவரில் இடம் கொடுத்தாயிற்று, வேடர் மகள் வள்ளியை ஊர் ஊராக முருகனுக்குப் பக்கத்தில் வைத்து இழுக்கிறோம், அந்தச் சாதியில் உயிரோடு ஒருத்தி வந்தால் வாசலோடு சரி. நான் வேதக்காரன், எனக்கு இதைச் சொல்ல வாய் இல்லை என்பாய். எங்கள் பள்ளிக்கூடத்தில் யார் எந்த வாங்கில் இருந்தார்கள் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு கிழவியின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகளும் மருமகனும் ஞானஸ்நானம் எடுத்துவிட்டார்கள், கிழவி மட்டும் மாறவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை குமார தெய்வத்துக்கும் செத்துப்போன தங்கள் பெரியவர்களுக்கும் மடை வைத்துச் சடங்கு செய்வார்களாம், கமுகம்பூவும் வெற்றிலையும் வைத்து. புருஷன்தான் தெய்வம் ஆடுகிறவர், அவர் போய்ச் சேர்ந்த பிறகு சாமான்கள் அவள் பொறுப்பு. ஒரு வீட்டில் இரண்டு எசமானுக்கு இடமில்லை என்று பாஸ்டர் சொல்லிவிட, மருமகனே எல்லாவற்றையும் உரப்பையில் போட்டு எங்கள் வானில் ஏற்றிவிட்டான். பனிச்சங்கேணிப் பாலத்தில் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், அது என் பொறுப்பு.

வான் வெளிக்கிடும் நேரம் கிழவி என் சேர்ட் நுனியைப் பிடித்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "மனே, தண்ணியில மட்டும் போட்டுராதீங்க. கப்பல்ல வந்தவங்க அவங்க, திரும்பிப் போயிருவாங்க" என்றாள்.

கப்பலில் வந்த தெய்வங்கள் என்று கரையோர வேடரிடம் ஒரு கூட்டமே உண்டு. அதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் திரும்பிப் போய்விடுவார்கள் என்று ஒரு மனுசி பயப்படுவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பாலத்தில் வானை நிறுத்தினார்கள். நான் இறங்கி, இருட்டில், மத்தியானம் மிஞ்சின பாணும் சோடாப் போத்தலும் கிடந்த பையைத் தூக்கி எறிந்தேன். உள்ளே எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். சிரிக்காதே. உரப்பை என் காலடியிலேயே யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது, வளைவுகளில் சலங்கை கிலுங்கும்போதெல்லாம் நான் இருமிக்கொண்டு வந்தேன்.

அன்றையில் இருந்து பூட்டியின் ஞாபகமாகவே இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் தெல்லிப்பழைக்கு வந்தார்கள், 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளை வைத்துச் சாப்பாடு போட்டுப் படிப்பித்தார்கள், படித்து முடித்தவளுக்குச் சீதனமும் கொடுத்தார்கள். எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்ததில் அந்தச் சோற்றுக்கும் பங்கு உண்டு, அதை நாங்கள் ஆலயத்தில் பெருமையாகத்தான் சொல்லுகிறோம். ஆனால் பூட்டி சாகும்வரை அரிசிப் பெட்டியின் அடியில் ஒரு விரல் உயரப் பிள்ளையாரை வைத்திருந்தா என்று அப்பு சொல்லுவார். சின்ன வயதில் அதைப் பகிடியாகச் சொல்லிச் சிரிப்போம், நீயும் எங்கள் விறாந்தையில் இருந்து சிரித்திருக்கிறாய். அவவிடம் ஒருவரும் உரப்பை கொண்டுபோய் நீட்டவில்லை, அல்லது நீட்டினபோது அவ ஒன்றை மட்டும் ஒளித்துவிட்டா.

எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே, ஞாயிற்றுக்கிழமையும் பாடகர் குழுவில் நின்றேன். கதிரை கொடுத்தது சரி. கதிரைக்குக் கூலியாகப் பையைக் கேட்டதுதான் எனக்குச் சமிக்கவில்லை.

இப்போது உன்னிடம் வேலை. பொங்கலுக்கு முதல் வாரம் பஸ்சில் அங்கே வருகிறேன். அம்பை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை, கேட்டால் பிள்ளையின் நாடகத்துக்கு என்று சொல்லுவேன், நீயும் அதையே சொல். அதற்கு முன் நீ ஒருக்கால் வாகரைக்குப் போய்க் கிழவியிடம் கேள்: தானே வைத்திருக்கப் போகிறாளா, வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்கிறாளா. விடியக் காலையில் போ. மருமகன் அந்த நேரம் வலைக்குப் போய்விடுவான்.

உன்,
உடுவிலான்