டாக்டரை மட்டும் எண்ணினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநல மருத்துவர்கள் போதவில்லை என்று வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பத்திரிகைகளில் செய்தி வந்துவிடுகிறது. இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மருத்துவர்தான், 3 பேராவது வேண்டும் என்று 2023-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே சொன்னது. சரி, மறுக்கவில்லை. ஆனால் மனச்சிதைவு நோய் உள்ள தம்பியைக் கூட்டிக்கொண்டு 11 வருடமாக அரசு ஆஸ்பத்திரிக்கு நடக்கிறவள் நான். டாக்டர் கிடைக்காததால் எங்களுக்கு வந்த கஷ்டத்தைவிட, டாக்டருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு ஆள் இல்லாமல் போனதால் வந்த கஷ்டம் பெரியது. அந்த ஆளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வரும். ஒரு காலத்தில் எல்லோரும் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் ஓட வேண்டியிருந்தது (1794-இல் தொடங்கிய சென்னை அரசு மனநல மருத்துவமனை இருக்கிற இடம், அந்த ஊர்ப்பெயரே இன்றும் திட்டுகிற வார்த்தையாக இருக்கிறது), அதை நினைத்தால் குழு ஊர் தேடி வருவது பெரிய விஷயம். ஆனால் காலையிலிருந்து மதியத்துக்குள் அறுபது, எழுபது பேர். "தூக்கம் வருதா? மாத்திரை சாப்பிடுறாரா? சரி, இதையே கொடுங்க." அடுத்த சீட்டு. டாக்டரைக் குறை சொல்லவில்லை, மறுநாள் அவர் வேறு ஊரில் இதையே செய்ய வேண்டும்.

அந்தக் குழுவில் சமூகப் பணியாளராக ஒரு பெண் இருந்தார். என்னை "அக்கா" என்பார், தம்பியை "அண்ணா" என்பார். ஒரு நாள் அவனை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் வந்து, "அக்கா, அண்ணா மாத்திரையைத் துப்பிடுறாரு, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. மாத்திரையால் கை நடுங்குகிறது, டீக்கடையில் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால்தான் வாயில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துப்பியிருக்கிறான். அவர் டாக்டரிடம் சொன்னார், டாக்டர் நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார், ஒரு மாதத்தில் தம்பி பழையபடி டீக்கடைக்குப் போனான். சீட்டு எழுதுகிற அந்த ரெண்டு நிமிடத்தில் இது வெளியே வந்திருக்குமா?

அவர் தொகுப்பூதியத்தில் இருந்தவர். 11 மாத ஒப்பந்தம், முடிந்தால் இன்னொரு 11 மாதம். ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகர் வேலை கிடைத்ததும் போய்விட்டார், அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த இடம் ஒரு வருடத்துக்கு மேல் காலி. அந்த வருடம்தான் தம்பி மறுபடி மாத்திரையை நிறுத்தினான், இரண்டு வாரம் தூங்கவில்லை, ஒரு ராத்திரி எழுந்து போனவனை மூன்று நாள் கழித்து வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். நடுவில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கும் கூப்பிட்டேன், அந்தப் பக்கம் பேசியவர் முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார், அது ஒரு நல்ல சேவை. ஆனால் விடிந்ததும் யார் வீட்டுக்கு வருவது?

அப்போது சொந்தக்காரர் ஒருவர், "ஏர்வாடியில கொண்டுபோய் விடுங்க, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார். அம்மா பாதி சம்மதித்துவிட்டார். 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு தீயில் 28 பேர் செத்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவர்களை அங்கே விட்டுவிட்டு வந்தவர்களை அன்றைக்கு எல்லோரும் திட்டினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்த பிறகு என்னால் திட்ட முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்க அவர்களுக்கும் ஆள் இருந்திருக்காது.

2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு, மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசு பத்து வருடத்துக்குள் முயல வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம், அதாவது கெடு 2028. மனநல மருத்துவரை உருவாக்க எம்.பி.பி.எஸ். முடித்த பிறகும் மூன்று வருடம் வேண்டும். நர்ஸ் படிப்பு முடித்தவருக்கு மனநலச் செவிலியர் பட்டயப் படிப்பு ஒரே வருடம்தான். ஆள் வராத வேலை இல்லை இது, வருகிறவர் நிற்காத வேலை. தாலுகாவுக்கு ஒரு சமூகப் பணியாளர், ஒரு மனநலச் செவிலியர், இரண்டையும் நிரந்தரப் பணியிடமாக்கி தேர்வாணையம் மூலம் முறையாக எடுங்கள், பஸ் செலவையும் கொடுங்கள், அவர்கள் வீடு வீடாகப் போக வேண்டியவர்கள்.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற அந்த அக்கா ஒரு முறை தம்பியைப் பார்த்துவிட்டு, "இவருக்கும் சேத்து வாங்கிட்டு வந்துரட்டுமா?" என்று தானாகவே கேட்டார். அவருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து அந்த வேலைக்குத் தனியாக ஊதியமும் கொடுத்தால், மாத்திரை நின்றுபோனது மூன்றாவது நாளே தெரிந்துவிடும். சும்மா கூடுதல் வேலையாக அவர் தலையில் கட்டிவிடக் கூடாது.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு சமூகப் பணியாளர் வந்திருக்கிறார். நல்ல பையன்தான், ஆனால் தம்பி அவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை, பழக ஆறு மாதமாவது ஆகும். "உங்களுக்கு எத்தனை மாசம் தம்பி?" என்று கேட்டேன்.

"பதினொண்ணுக்கா" என்றார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தென் மாவட்டம் ஒன்றிலிருந்து.