ஜனவரி ஊட்டியப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊட்டில உறைபனி, மக்கள் அவதின்னு வருஷா வருஷம் போட்டோவோட செய்தி போடறீங்க, போட வேண்டியதுதான், ஆனா அதே உறைபனில தாவரவியல் பூங்கா எவ்ளோ அழகா இருக்கும்னு யாரும் எழுதக் காணோம், அதான் நானே எழுதறேன்.

மே மாச மலர் கண்காட்சில கூட்டம் தள்ற பக்கம்தான் நடக்கணும். ஜனவரில ஒரு வார நாள், காலைல கேட் திறந்ததும் உள்ள போய்ப் பாருங்க. பெரிய புல்வெளி பூரா உப்பு தூவுன மாதிரி வெள்ளையா கிடக்கும், வெயில் ஏற ஏற ஒரு ஓரத்துல இருந்து பச்சை வந்துட்டே இருக்கும், ஆனா மரத்து நிழல் விழற இடத்துல மட்டும் அந்த மரத்தோட ஷேப்லயே பனி அப்படியே நிக்கும். எனக்கு அதப் பாத்துட்டே நிக்கணும் போல இருக்கும்.

பாத்தில இருக்கற சின்னச் செடிங்கள கோத்தகிரி மிலார்ங்கற புதர்ச்செடியோட கொப்ப வெட்டிச் சொருகி மூடி வெச்சிருப்பாங்க. கிட்ட குனிஞ்சு பாத்தா மிலார் இலை ஓரமெல்லாம் பனி ஊசி ஊசியா நிக்கும், உள்ள செடி பச்சையா பத்திரமா இருக்கும். தோட்டத் தொழிலாளிங்க அந்தக் குளிர்ல புல்லுக்குத் தண்ணி அடிச்சு பனியக் கரைச்சிட்டு இருப்பாங்க, நாம ஸ்வெட்டர் போட்டும் நடுங்கறோம், அவங்க கை ஈரத்துலயே இருக்கு.

இன்னொண்ணு, பூ கம்மியா இருக்கற சீசன்லதான் மரமெல்லாம் கண்ணுல படுது. 1848-ல மெக்ஐவர்ங்கற தோட்டக்கலை நிபுணர் ஆரம்பிச்ச தோட்டம், 22 ஹெக்டேர், தொட்டபெட்டா சரிவுல மேல ஏறிட்டே போகும். தென் அமெரிக்காவுல இருந்து வந்த குரங்கு ஏறா மரத்தோட இலையத் தொட்டுப் பாருங்க, முள்ளு மாதிரிதான் குத்தும். 2 கோடி வருஷப் பழசான, கல்லாவே மாறிப்போன கல்மரமும் இருக்கு, மே மாசத்துல அது பக்கத்துல நின்னு ஒரு நிமிஷம் பாக்க முடியுமா சொல்லுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். ரீல்ஸ் எடுக்க சிலர் பனி மூடுன புல்லு மேல ஓடறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. உறைஞ்சு போன புல்ல மிதிச்சா உடைஞ்சு, கால் வெச்ச இடம் கருகிப்போயிடும். அடுத்த தடவ உறைபனி போட்டோ போடும்போது, வெயில் வந்து பனி கரையற வரைக்கும் புல்லுல இறங்காதீங்கன்னு கீழ ஒரு வரி சேத்துப் போடுங்க சார்.

- வாசகி, மேட்டுப்பாளையம்